தலைவர் இல்லாத ஊரில் ஜூன் 30

ஆண்டுதோறும் ஜூன் 30 வந்தால் மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த மேலவளவுக்கு வெளியூர்களிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வருகிறார்கள். 'விடுதலைக் களம்' என்று பெயரிட்ட நினைவிடத்தில் மாலை போடுகிறார்கள், முழக்கம் எழுப்புகிறார்கள், தலைவர்கள் பேசுகிறார்கள். வந்தவர்களுக்கு அங்கே உறங்குகிறவர்கள் தியாகிகள். அந்த ஊரின் சில வீடுகளுக்கு அவர்கள் அப்பா, அண்ணன், வீட்டுக்காரர்.

முருகேசன் அந்த ஊராட்சியின் தலைவர். 1996-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் அதை ஏற்கவில்லை. மனு போட்டவர்கள் மிரட்டப்பட்டார்கள். தேர்தல் தள்ளிப்போனது. வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவழியாக அந்த ஆண்டின் கடைசி நாளில் நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். வென்றாரே தவிர, ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க அவருக்கு வழி விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் முறையிட்டுவிட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தபோது, அவரையும் துணைத் தலைவர் உள்ளிட்ட மற்றவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். தலைவராகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

அதற்கு ஏறக்குறைய பத்து வாரம் முன்பு, அதே மதுரையில் இன்னொரு கொலை நடந்தது. வில்லாபுரம் பகுதியிலிருந்து 1996 தேர்தலில் மாநகராட்சி உறுப்பினராக வந்தவர் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் லீலாவதி. நெசவுக் குடும்பத்துப் பெண். குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலைந்த தெருக்காரர்களுக்கு மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வர வேண்டும் என்று மன்றத்திலும் தெருவிலும் போராடினார். தண்ணீர் விற்றுக் காசு பார்த்தவர்களுக்கும் மாமூல் வாங்கிப் பழகியவர்களுக்கும் அது பொறுக்கவில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில், அவருடைய சொந்தத் தெருக்களுக்குள்ளேயே அவரை வெட்டிச் சாய்த்தார்கள்.

இரண்டு பேரும் சட்டமன்ற உறுப்பினர்கள் இல்லை, அமைச்சர்கள் இல்லை. ஒருவர் ஊராட்சித் தலைவர், ஒருவர் வார்டு கவுன்சிலர். அரசியல் ஏணியின் ஆகக் கீழ்ப் படியில் கால் வைத்தவர்கள். அந்தப் படிக்கே அவர்கள் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், அந்தப் படி எவ்வளவு பெறுமானம் உள்ளது என்பதை அவர்களைக் கொன்றவர்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். இதுவரை ஆண்ட அரசுகள்தான் புரிந்துகொள்ளவில்லை.

இது கோபத்தில் சொல்லும் சொல் அல்ல. கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1970-இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 1986-இல். அதற்கடுத்தது 1996-இல். நாடாளுமன்றம் 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்து, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் தேர்தல் நடக்க வேண்டும் என்ற விதி 1993-இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் இங்கே 1994-இல் புதிய ஊராட்சிகள் சட்டமும் 1996-இல் தேர்தலும் வந்தன. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவியிலேயே இடஒதுக்கீடு என்பது அந்தத் தேர்தலில்தான் ஊர்களுக்குள் நுழைந்தது. ஊராட்சியில் முருகேசனும் மாநகராட்சியில் லீலாவதியும் அந்த ஆண்டு வந்த முதல் அணியைச் சேர்ந்தவர்கள்.

பிறகு 2001, 2006, 2011 என்று மூன்று தேர்தல்கள் ஒழுங்காக நடந்தன. 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீட்டில் குறை என்று தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து சில மாதங்களில் நடத்தியிருக்கலாம். மூன்று ஆண்டு போயிற்று. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் ஊரகப் பகுதிகளுக்குத் தேர்தல் நடந்தபோது ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. அவற்றுக்கு 2021 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் தலைவர் நாற்காலி காலியானது. தலைவர்களின் இடத்தில் அரசு அமர்த்திய தனி அலுவலர்கள் வந்தார்கள். அந்த ஆண்டு முழுவதும் தேர்தல் வரவில்லை. 2016-இல் ஆட்சியில் இருந்த கட்சி வேறு, 2025-இல் இருந்த கட்சி வேறு. வார்டு வரையறை, வழக்கு, இடஒதுக்கீடு என்று சொன்ன காரணங்கள் மட்டும் பெரிதாக மாறவில்லை.

தலைவர் இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகிறது, அதிகாரி பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். ஒரு சாவு வீட்டில் நின்று பார்த்தால் பதில் தெரியும்.

இரவு பதினொரு மணிக்கு ஊரில் ஒரு பெரியவர் போய்ச் சேருகிறார். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட்ட கையோடு அடுத்த போன் தலைவருக்குப் போகும். தெருமுனையில் விளக்கு எரியவில்லை. விடிவதற்குள் மாட்டியாக வேண்டும். விடிந்தால் துட்டிக்கு நூறு, இருநூறு பேர் வருவார்கள். தண்ணீர் வேண்டும், டேங்க் ஆபரேட்டரை எழுப்பி மோட்டார் போடச் சொல்ல வேண்டும். மயானத்துக்குப் போகிற பாதையில் சீமைக்கருவேலம் அடைத்துக்கிடக்கும். எடுப்பதற்குள் ஜேசிபி வைத்து வழி பண்ண வேண்டும். மழைக்காலம் என்றால் கொட்டகையில் ஒழுகாத இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு மயானத்துத் தொட்டியில் தண்ணீர் நிரப்பியிருக்க வேண்டும். இதெல்லாம் யாரோ செய்யும் உபகாரம் இல்லை. குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, சாலை இவற்றோடு இடுகாடு சுடுகாட்டைப் பராமரிப்பதும் ஊராட்சியின் கட்டாயக் கடமை என்று 1994 சட்டத்தின் 110-ஆவது பிரிவு எழுதிவைத்திருக்கிறது.

தலைவர் அந்த வேலைகளை ராத்திரியோடு ராத்திரியாக முடிப்பதற்கு ஒரே காரணம்தான். காலையில் அவரும் அந்தக் கேத வீட்டில் வந்து உட்கார்ந்தாக வேண்டும். செத்தவர் அவருக்கு மாமாவோ சித்தப்பாவோ முறை. செய்யாவிட்டால் பந்தலில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் முகத்துக்கு நேரே கேட்பார்கள். அடுத்த தேர்தலில் அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்.

தனி அலுவலருக்கு அந்த நெருக்கடி இல்லை. அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள், பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஊராட்சிகள். வகுத்துப் பார்த்தால் ஒன்றியத்துக்குச் சராசரியாக முப்பத்திரண்டு ஊர். வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் தம் சொந்த வேலைகளோடு சேர்த்து முப்பத்திரண்டு ஊருக்கும் தலைவர். ராத்திரி பதினொரு மணிக்கு எந்த ஊரின் போனை அவர் எடுப்பார்? அவர் எடுத்தாலும், விளக்கு எரியாத தெரு எது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் ஊராட்சிகள் எதிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் விழுந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. எந்த வீட்டுக் கூரை போனது, எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், எந்தக் கிழவர் தனியாக இருக்கிறார் என்று ஊரைக் கையில் வைத்திருக்கும் ஓர் ஆள் வேண்டிய நேரம் அது. நிவாரணம் வரவில்லை என்று சனங்கள் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு நெடுஞ்சாலை ஒன்றுதான் தெரிந்தது.

தலைவர்கள் எல்லாரும் யோக்கியர்களா என்ற கேள்வியையும் தள்ளிவிட முடியாது. 2019 தேர்தலின்போது கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் ஊராட்சித் தலைவர் பதவி ஐம்பது லட்சம் ரூபாய்க்கு ஏலம் போன செய்தியைத் தமிழ்நாடே படித்தது. பணம் கொடுத்து நாற்காலி வாங்கியவர் அதை எங்கிருந்து எடுப்பார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் ஆனது. எத்தனையோ ஊர்களில் மனைவி கையெழுத்துப் போட, 'தலைவர்' என்று கூப்பிட்டால் கணவர் திரும்பிப் பார்க்கிறார். காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை வைத்துக்கொண்டு, தலித் தலைவரின் கையைக் கட்டிப்போடும் துணைத் தலைவர்களும் உண்டு.

2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஊராட்சித் தலைவரான தலித் பெண்மணி கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்த பிறகு, மாவட்ட ஆட்சியர் நேரில் போய் நின்று, ஐந்து நாள் கழித்து அவரைக் கொடியேற்ற வைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம் வெளிவந்தது. மேலவளவு நடந்து இருபத்து மூன்று ஆண்டு கழித்தும் சண்டை அதே நாற்காலியைப் பற்றித்தான்.

ஆனால் இந்த இரண்டு செய்தியிலும் கவனிக்க ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்கள் தலைவர்களாக இருந்ததால்தான் அது செய்தியானது, வழக்கானது, ஆட்சியர் ஊருக்கு வந்தார். தேர்தலே நடக்காத ஊரில் அவமானத்துக்கும் ஆதாரம் இருக்காது. நோயைக் காட்டி நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்துப் பூட்டுவது வைத்தியம் ஆகாது.

நடத்த வேண்டும் என்று அரசு மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கும் மதுரைப் பக்கமே சாட்சி. உசிலம்பட்டி வட்டாரத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, அதோடு நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகாச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளிலும் 1996-இலிருந்து பத்து ஆண்டு தலித் தலைவர் வர விடவில்லை. ஒன்று, யாரும் மனு போட மாட்டார்கள். இல்லையென்றால், ஊர் நிறுத்திய ஆள் வென்று, பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவார். திரும்பத் திரும்பத் தேர்தல் அறிவித்தும் அதே கதை. 2006-இல் மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேசியது. ஊர்ப் பெரியவர்களிடம் பேசியது, பயந்து கிடந்தவர்களிடமும் பேசியது. அந்த அக்டோபரில் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பொறுப்பேற்றார்கள், அவர்களைச் சென்னைக்கு அழைத்து அரசு விழா எடுத்தது. பதினைந்து ஆண்டு கழித்து, 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டியில் நடந்த கிராம சபையில் முதலமைச்சர் ஸ்டாலின் போய் உட்கார்ந்தார்.

ஒரு முதலமைச்சர் கிராம சபையில் வந்து உட்காருவது நல்ல காட்சி. அதே ஊருக்குத் தேர்தலைக் குறித்த தேதியில் நடத்திக் கொடுப்பது அதைவிட நல்ல காட்சி.

மேடைப் பேச்சுகளில் குடவோலைக்குக் குறைவில்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு பெருமைக்குரியதுதான். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் வாரியத்துக்கு வரக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆனால் அந்தக் குடத்தில் விழுந்த ஓலைகள் நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் பெயர்கள் மட்டுமே. உழுதவர் பெயர் அதில் இல்லை, எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. அந்தப் பெயர்களைக் குடத்துக்குள் போட்டது 1996. ஆயிரத்து நூறு ஆண்டு முந்திய ஓலைக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியாவது இந்த வாக்குச்சீட்டுக்குக் கொடுக்க வேண்டாமா?

மரியாதை எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதற்கு ஒரு தகவல் போதும். மேலவளவு வழக்கில் 17 பேருக்கு 2001-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. அவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் தமிழ்நாடு அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. அடுத்த மாதம்தான் மூன்று ஆண்டு தள்ளிப்போன உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. கைதிகளுக்குக் கருணை காட்டுவது பற்றிச் சட்டம் அறிந்தவர்கள் வாதிடட்டும். கொலையுண்டவர்களின் வீட்டுக்காரர்கள் அந்தச் செய்தியை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்பதை அரசாணையில் கையெழுத்திட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

செத்தவரை ஊர் மதிக்கிற விதத்தில்தான் அந்த ஊரின் அரசியல் தெரியும். வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில், மயானத்துக்குப் போகும் பாதை மறிக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். பாலத்தின் மேலே கைப்பிடிச் சுவரை ஒட்டிச் சிலர் கயிற்றைப் பிடித்து மெல்ல மெல்ல விட, கீழே நின்றவர்கள் பாடையைத் தாங்கிக்கொள்ளக் கைகளை உயர்த்தி நிற்கிறார்கள். பூமாலையோடு பாடை அந்தரத்தில் தொங்குகிறது. அந்தக் காணொலியைப் பார்த்து உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. நடந்தது 2019 ஆகஸ்ட் என்பதை மறக்க வேண்டாம். அப்போது அந்த ஊராட்சிக்கும் தலைவர் கிடையாது.

தலைவர் இருந்திருந்தால் பாதை கிடைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. சாதியின் முன்னால் வாயடைத்துப்போகும் தலைவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கேட்பதற்கு ஒரு வாசல் இருந்திருக்கும். ஓட்டுக் கேட்டு வந்தாயே, எங்கள் பிணத்துக்குப் பாதை கேட்கிறோம் என்று சட்டையைப் பிடிக்க ஓர் ஆள் இருந்திருப்பார்.

தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை நடக்கத்தான் செய்கிறது. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, அவற்றோடு பின்னர் சேர்த்த மார்ச் 22, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை. ஐந்நூறு பேருக்குள் மக்கள்தொகை உள்ள ஊராட்சி என்றால் ஐம்பது பேர், மூவாயிரம் வரை என்றால் நூறு பேர் வர வேண்டும். பள்ளிக்கூடத்துத் திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ சமுக்காளம் விரித்திருக்கும். ஊராட்சிச் செயலர் நீள நோட்டில் ஆள் ஆளாகக் கையெழுத்து வாங்குவார். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் வரிசையாக வந்து போட்டுவிட்டு ஓரமாக உட்காருவார்கள். பல ஊர்களில் கையெழுத்துத்தான் கூட்டம். தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வார்கள். கையெழுத்துக்குக் கீழே என்ன எழுதினார்கள் என்று பெரும்பாலோர் கேட்பதில்லை.

அந்த நோட்டில் எழுதுவதற்குச் சட்டப்படி பெறுமானம் உண்டு. ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். அடுத்த கிராம சபைக்கு நீங்கள் போங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். வீட்டில் செத்துப்போன அப்பாவுக்கோ ஆத்தாளுக்கோ பாதை இல்லாமலும் விளக்கு இல்லாமலும் திண்டாடியது நினைவிருந்தால் அதை எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். எங்கள் ஊராட்சிக்குத் தேர்தல் தாமதமாகாமல், காலம் முடியும் முன்பே நடக்க வேண்டும் என்று ஒரு வரித் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை அங்கேயே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.